கடைசிக் கிறெப் யாருக்கு?

சென்ற வருடக் கடைசியில் நண்பர்கள் ஐந்து பேர் கொழும்பில் ஒரு கடைக்குப் போனோம். ஒருத்திக்குப் பிறந்தநாள். மெனுவில் 'பிரெஞ்ச் கிறெப்' என்று ஒரு முழுப் பக்கமே இருந்தது. வந்த தட்டில் நுட்டெல்லா, வாழைப்பழம், ஸ்ட்ரோபரி, ஐஸ்கிறீம், நொறுக்கிய பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு சொக்லட் பாணி. முள்ளுக்கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்த்துவிட்டு ஒருத்தன் கேட்டான்: "மச்சான், இதுக்குள்ள கிறெப் எங்க?"

அடியில் கிடந்தது. தடிப்பாக, ஆறிப்போய், ஐஸ்கிறீமில் ஊறின கடதாசி மாதிரி.

அந்த விலைக்கு வீட்டில் எட்டுப் பேர் வயிறு நிறையக் கிறெப் சாப்பிடலாம் என்று அன்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். பிறகு உண்மையிலேயே செய்தும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தச் செய்முறையைப் பற்றியது என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, எங்கட வீட்டுக் குசினியைப் பற்றியதாகிவிட்டது. (குசினி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்தோம். பிரெஞ்சுக்காரரின் சமையலறைச் சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே இது அவ்வளவு தூரத்துச் சாமான் இல்லை.)

முதலில் கிறெப்பின் ஊர். பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி. பிரிட்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சொந்த மொழி உள்ள, நீண்ட காலம் ஏழ்மையில் கிடந்த பிரதேசம். புளிப்பு மண். கோதுமை அங்கே நன்றாக வராது. அந்த மண்ணிலும் வளர்ந்து, ஏறத்தாழ நூறு நாளில் அறுவடைக்கு வருகிற ஒரு பயிர் இருந்தது: சரசின். ஆங்கிலத்தில் பக்வீட். அவர்கள் அதைக் 'கறுப்புக் கோதுமை' என்றும் சொல்வார்கள். உண்மையில் அது கோதுமைக்கு உறவே இல்லை, புல்லினமும் இல்லை. அதை அரைத்த சாம்பல் நிற மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்து, அடுப்பின்மேல் வைத்த வட்ட இரும்புக் கல்லில் மெல்லிசாக இழுத்துச் சுட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பெயர் பிலிக். இழுக்கிற சின்ன மரக் கருவி றோசெல். கிழக்குப் பிரிட்டனியில் அந்தச் சாப்பாட்டைக் கலெத் என்பார்கள். பாண் வாங்க வசதி இல்லாதவர்களின் பாண் அது. பல வீடுகளில் வெள்ளிக்கிழமை கலெத் நாள், ஏனென்றால் கத்தோலிக்கருக்கு அன்று இறைச்சி இல்லை. மோரில் பிய்த்துப் போட்டும் சாப்பிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பழஞ்சோறும் மோரும்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளைக் கோதுமை மாவில் முட்டையும் பாலும் சேர்த்த கிறெப், அதாவது இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த இனிப்புக் கிறெப், அங்கே விசேஷ நாள் சாப்பாடு. வெள்ளை மா மலிவான பிறகுதான் அது எல்லா நாளுக்கும் இறங்கி வந்தது. இந்த வரலாறு தெரிந்த பிறகு அந்தக் கடைத் தட்டு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏழைகளின் பாணை எடுத்து ஒரு சொக்லட் மூட்டையாக்கி, 'பிரெஞ்ச்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அந்த மூட்டைக்குள் இருக்கிற முக்கியமான சாமானோ இத்தாலிக்காரருடையது. நுட்டெல்லா 1964இல் அங்கேதான் வந்தது. பிரான்சிலும் இன்றைக்குத் தெருக் கடைகளில் அதைத்தான் அள்ளிப் பூசுகிறார்கள், அது வேறு கதை. நானும் கரண்டியால் அள்ளித் தின்கிறவள்தான். ஆனால் அதைக் கிறெப்புக்குள் வைத்தால் நுட்டெல்லா மட்டும்தான் தெரியும்.

இனி மா. இணையத்தில் ஆயிரம் அளவுகள் இருக்கின்றன. நான் செய்வது இது: 250 கிராம் கோதுமை மா, மூன்று முட்டை, அரை லீற்றர் பால், ஒரு சிட்டிகை உப்பு, உருக்கின பட்டர் இரண்டு மேசைக்கரண்டி. பால்மாவைக் கரைத்து ஊற்றினாலும் சரிதான், எங்கட வீட்டில் பெரும்பாலும் அதுதான். மாவின் நடுவில் குழி செய்து முட்டையை உடைத்துவிட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி பட்டுவிடும், பிறகு வடிக்கத்தான் வேணும். கடைசியில் அது ரொட்டி மா மாதிரியும் இருக்கக்கூடாது, தோசை மா மாதிரியும் இருக்கக்கூடாது. கரண்டியிலிருந்து அறுபடாமல் பால் போல ஓட வேண்டும்.

பிறகு ஒரு மணித்தியாலம் அதைச் சும்மா விட வேண்டும். நிறையப் பேர் தவிர்க்கிற படி இது. தவிர்த்தால் என்ன என்று நானும் சோதித்தேன். அடிக்கும்போது கோதுமைப் பசை இறுகி இழுபட்டு நிற்கிறது. உடனே சுட்டால் கிறெப் றப்பர் மாதிரிச் சுருங்குகிறது. ஆறவிட்டால் பசை தளர்கிறது, மா பாலைக் குடித்து ஊதுகிறது, அடித்த நுரையும் அடங்குகிறது. உழுந்து இரவு முழுக்கப் புளிக்கக் காத்திருக்கிற எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பெரிய காரியமா?

கிறெப் சட்டி வீட்டில் இல்லையே என்று யோசிக்காதேங்கோ. ஒட்டாத தாச்சி ஒன்று இருந்தால் போதும். கொஞ்சம் எண்ணெய் தொட்ட பாதி உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியில் குத்தி அதால் சட்டியைத் துடைப்பது பிரெஞ்சு வீட்டுப் பழக்கம். நாங்கள் தோசைக்கல்லைப் பாதி வெங்காயத்தால் தேய்ப்பதும் அதே வேலைதான். சட்டி நன்றாகச் சுட வேண்டும். ஒரு கையால் மாவை ஊற்றும்போதே மற்றக் கையால் சட்டியைத் தூக்கிச் சாய்த்துச் சுற்ற வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் முதல் மூன்றையும் தோசை மாதிரி அகப்பையால் வட்டம் போட்டுக் கெடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பச்சட்டி சுத்துற மாதிரிச் சுத்து" என்றா. அவ்வளவுதான். வீட்டுச் சட்டிக்கு வேண்டியது அப்பக் கை. பிரிட்டனியின் பிலிக் கல்லுக்குத்தான், றோசெலால் இழுக்கிறபடியால், தோசைக் கை வேண்டும்.

அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "றோல்ஸுக்கு வேற என்னத்தையடி சுடுறது?" என்றா.

யோசித்துப் பாருங்கோ. இலங்கையில் எந்தப் பேக்கரிக்குள் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிற றோல்ஸ், உருளைக்கிழங்கும் மீனும் அல்லது ஆட்டிறைச்சியும் வைத்து மடித்து, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் பிரட்டிப் பொரித்த அந்தச் சாமானுக்குள் இருப்பது ஒரு கிறெப். மா, முட்டை, பாலோ தண்ணியோ. மெல்லிசாகச் சுட்டு, மடிக்கும்போது வெடிக்காமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பார்கள். பாணியில் கிளறின தேங்காய்ப்பூவை வைத்துச் சுருட்டின மஞ்சள் பான்கேக்கும் அதே குடும்பம். எங்கட அம்மாமார் காலம் முழுக்கக் கிறெப் சுட்டிருக்கிறார்கள். அதைக் கிறெப்பாக யாரும் சாப்பிட்டதில்லை, பொரிக்கிறதுக்கு முந்தின ஒரு கட்டமாகவே அது இருந்துவிட்டது.

நிரப்புவது பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து இருக்கிறது. சூடான கிறெப்பின் மேல் ஒரு சின்னத் துண்டு பட்டரைத் தேய்த்து, சீனியைத் தூவி, நாலாக மடித்து உடனே சாப்பிட வேண்டும். பட்டர் உருகிவிடும். சீனி பாதி உருகி, பாதி பல்லில் நறநறக்கும். அந்த நறநறப்பு இரண்டு நிமிடத்துக்குத்தான் இருக்கும். உப்புப் பட்டர் என்றால் இன்னும் நல்லது. பிரிட்டனிக்காரர் உப்புப் பட்டருக்குப் பேர் போனவர்கள். பழைய பிரெஞ்சு அரசர்கள் உப்பின்மேல் போட்ட வரி, கபெல், அந்தப் பிரதேசத்தைத் தொடவில்லை. மற்ற இடங்களில் உப்பு ஆனை விலை விற்றபோது இவர்கள் பட்டருக்குள் தாராளமாகப் போட்டார்கள். எங்கட கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதும் உப்புப் பட்டர்தான், ஆகவே இந்த ஒரு விஷயத்திலாவது நாங்கள் பிரிட்டனி. மாஜரின் மட்டும் வேண்டாம். பட்டர் விலை தெரிந்துதான் சொல்கிறேன். முக்கால் தேக்கரண்டி பட்டர், நாலு தேக்கரண்டி மாஜரினை விட மேல்.

இரண்டாவது இடம் சீனியும் தேசிக்காயும். பிறகு கித்துள் பாணி, ஆனால் ஊற்றக்கூடாது, வரையவேண்டும். வாழைப்பழம் வைப்பதென்றால் கதலியை மெல்லிசாக வெட்டிப் பட்டரில் ஒரு நிமிடம் வதக்கி வையுங்கள், பச்சையாக வைத்தால் வழுக்கி விழும். இதற்கு மேல் என்ன வைத்தாலும் அது கிறெப்பை மறைக்கும் வேலை.

உறைப்புச் சாப்பாடாக வேண்டுமென்றால் அதற்கு ஏற்றது கலெத்தான். அவர்களின் பிரபலமான வகை 'கொம்ப்ளெத்': முட்டை, ஹாம், சீஸ். நாலு ஓரங்களையும் மடித்துச் சதுரமாக்கி, நடுவில் மஞ்சள் கரு ஒரு கண் மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும். ரென் நகரத்தில் கலெத்துக்குள் ஒரு சுட்ட சொசேஜை வைத்துச் சுற்றிக் கையில் கொடுப்பார்கள், உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரு சொசேஜ், ஒரு கலெத். கெச்சப் இல்லை, சீஸ் இல்லை. பார்த்தால் எங்கட ஆட்களுக்கு 'இவ்வளவுதானா?' என்றிருக்கும். இவ்வளவுதான்.

பக்வீட் மா இங்கே தேடி அலைய வேண்டிய சாமான். நான் குரக்கன் மாவில் முயன்றேன். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன், ருசி வேறு. ஆனால் வளமில்லாத நிலத்திலும் விளைகிற, கறுத்த, ஒருகாலத்தில் வசதியில்லாதவர்களின் சாப்பாடு என்று தள்ளிவைக்கப்பட்ட தானியம் என்ற வகையில் குரக்கனுக்கும் சரசினுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். குரக்கனில் கோதுமைப் பசை இல்லை, தனியாகச் சுட்டால் பிய்ந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவும் ஒரு முட்டையும் சேர்த்தால் நிற்கிறது. அதன் மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கொஞ்சம் கட்டைச் சம்பல் வைத்து மடித்தேன். நன்றாக இருந்தது. அதற்குப் பிரெஞ்சுப் பெயர் வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதல்முறை வீட்டாருக்கென்று கிறெப் செய்த அன்று நாங்கள் ஐந்து பேர்: அம்மா, அப்பா, அண்ணா, நான், தம்பி. பின்னேரம் ஆறு மணிக்கு நான் அடுப்படியில் நின்றேன். ஒன்று சுட்டு அப்பாவுக்கு, ஒன்று அண்ணாவுக்கு, ஒன்று தம்பிக்கு. கிறெப் ஒரு நிமிடத்தில் சாப்பிட்டு முடிகிற சாமான். சுட எனக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. மூன்று பேர் சாப்பிட ஒருத்தி சுட்டால் அந்த வரிசை முடிவதே இல்லை. இருபது நிமிடம் கழித்து அம்மா வந்து தட்டகப்பையை என் கையிலிருந்து வாங்கி, "நீ போய்ச் சாப்பிடு பிள்ளை" என்றா. நானும் போய் இருந்துவிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன். ஏழு மணிக்குத் தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனபோது, சட்டியில் மிஞ்சிய மாவை வழித்து ஊற்றின, வடிவமில்லாத ஒரு துண்டை அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி வாயில் போட்டுக்கொண்டிருந்தா. பட்டர் இல்லை, சீனி இல்லை.

தோசை நாளில் நாங்கள் தினமும் பார்க்கிற காட்சிதான் இது. கல்லில் சுடச்சுட எடுத்துத் தருவதுதான் அன்பு என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஆறின தோசையைத் தட்டில் கண்டால் முகம் சுழிக்கிற ஆண்கள் இல்லாத வீடு எது? சுடச்சுடச் சாப்பிட ஒருத்தர் இருந்தால், சுடச்சுட நிற்க இன்னொருத்தர் இருந்தே ஆகவேண்டும். அம்மாவுக்கு முதல் அம்மம்மா நின்றா. அடுத்தது நான்தான் என்பதில் எங்கட வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கே அன்றுவரை இருந்ததில்லை.

பிரிட்டனிப் பெண்கள் இதிலிருந்து தப்பினார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வெப்பமான கல்லுக்கு முன்னால் நின்றவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. கலெத்தை நிறையச் சுட்டு அடுக்கி வைத்து, பிறகு வேண்டியபோது பட்டரில் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். இந்தச் சாமான் அடுக்கி வைக்கத் தோதானது. தோசையை அடுக்கினால் வியர்த்து ஒட்டிக்கொள்ளும், அப்பத்தை அடுக்கவே முடியாது. கிறெப்பை ஒன்றுக்குமேல் ஒன்றாக இருபது அடுக்கலாம். ஒன்றின் ஆவி மற்றதை மெதுவாக்கும். கொதிக்கிற தண்ணிப் பானைக்கு மேல் தட்டை வைத்து, இன்னொரு தட்டால் மூடினால் மணிக்கணக்காகச் சூடு இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் அடுத்த நாளைக்கும் நல்லது.

ஆகவே என் கருத்து இதுதான்: வீட்டில் கிறெப் செய்கிறவர்கள் முன்னமே சுட்டு அடுக்கிவிடுங்கள். மேசையில் அடுக்கை வையுங்கள், பட்டர், சீனி, தேசிக்காய், பாணி எல்லாவற்றையும் வையுங்கள். பிறகு சுட்டவரும் வந்து கதிரையில் இருக்கட்டும். நிரப்புவது அவரவர் வேலை. 'கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிடுகிற ருசி வராதே' என்பார்கள். வராதுதான். ஓரத்து மொறுமொறுப்புப் போய்விடும், சீனியின் நறநறப்பும் கொஞ்சம் குறையும். நான் மேலே அவ்வளவு புகழ்ந்த அந்த இரண்டு நிமிடத்தை இழக்கத்தான் வேண்டும். அந்த நட்டத்தை எல்லாரும் சமமாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறேன். இதுவரை ஒருத்தர் மட்டும்தானே ஏற்றுக்கொண்டிருந்தா.

பிரான்சில் இதற்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். மேசை நடுவில் வைக்கிற மின்சாரக் கல். ஆறு சின்ன வட்டங்கள், ஆளுக்கு ஒரு வட்டம், ஆளுக்கு ஒரு சின்ன மரத் தட்டகப்பை. அவரவர் கிறெப்பை அவரவர் சுட வேண்டும். சமையல் தெரிந்தவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று சிரிப்பார்கள். உள்ளங்கை அளவு, தடிப்பாக வருகிறது, மெல்லிசாகச் சுடவே முடியாது. ருசியில் அதற்கு நான் பத்துக்கு நாலு போடுவேன். ஆனால் எழும்பி நிற்கிறவர் ஒருவருமில்லை. அந்த மெஷினைக் கண்டுபிடித்தவர் கிறெப்பைப் பற்றி அதிகம் யோசிக்காவிட்டாலும் மேசையைப் பற்றி யோசித்திருக்கிறார்.

இதை எல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். தொண்ணூறுகளில் பாரிசுக்குப் போனவர். முதலில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு கிறெப் கடையில் கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலை கிடைத்தது. லா ஷப்பேலில் எங்கட ஆட்களின் கடைகளுக்குக் கிட்ட இருந்துகொண்டு, தினமும் மெத்ரோ ஏறி மொம்பர்னாசுக்குப் போவார். பாரிசில் கிறெப் கடைகள் அந்த நிலையத்தைச் சுற்றிக் கூடி இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனியிலிருந்து வருகிற ரயில் அங்கேதான் நிற்கும். வேலை தேடி வந்தவர்கள் இறங்கின இடத்துக்குக் கிட்டவே தங்கினார்கள், தங்கின இடத்தில் தங்கட சாப்பாட்டைச் சுட்டார்கள். எங்கட ஆட்கள் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை போட்டது மாதிரி. வந்த பெண்களில் பலர் பாரிஸ் வீடுகளில் வேலைக்காரிகள். அவர்களைக் கேலி செய்து வரையப்பட்ட பெக்கசின் என்ற சித்திரக்கதைப் பாத்திரம் 1905இல் சிறுமிகளுக்கான ஒரு வார இதழில் வந்தது. பச்சைச் சட்டை, வெள்ளைத் தொப்பி போட்ட பிரிட்டனி வேலைக்காரி. அவளுக்குப் பெரும்பாலும் வாய் வரையவில்லை. சமைத்துப் பரிமாறுகிறவளுக்கு எதற்கு வாய்?

சித்தப்பா சொன்னார், "என்ர தோசைக் கையைப் பாத்திட்டு முதலாளி அதிசயப்பட்டவர். மற்றவை ஒரு மாதம் பழகுறதை நான் ரெண்டு நாளில பழகினன்." எவ்வளவு வைப்பீர்கள் உள்ளுக்கு என்று கேட்டேன். "கொஞ்சமாத்தான். கூட வையுங்கோ, கூட வையுங்கோ எண்டு கேக்கிறது முழுக்க ரூரிஸ்ட்." நீங்கள் வீட்டில் கிறெப் சுடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிள்ளையள் சின்னனில கேட்டவை. நான் சுட்டதில்லை. பத்து மணித்தியாலம் நிண்டிட்டு வந்து வீட்டிலயும் நிக்கச் சொன்னா ஏலுமே?" அங்கே பெப்ரவரி 2 கிறெப் நாள். இயேசு பாலனைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள், மெழுகுதிரி மந்திரிக்கிற நாள். பிரான்ஸ் முழுக்க வீடுகளில் அன்று பிள்ளைகளும் பெரியவர்களும் கிறெப்பை மேலே எறிந்து பிரட்டுவார்கள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிரட்டி, அது ஒழுங்காகச் சட்டிக்குள் விழுந்தால் அந்த வருடம் பணத்துக்குக் கஷ்டம் வராதாம். சித்தப்பாவுக்கு வருடத்தில் அதிக வேலை உள்ள நாட்களில் அதுவும் ஒன்று. அவர் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் படுத்துவிடுவார்கள்.

ஏலுமே என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துவிட்டு வருகிறவதான்.

இந்த பெப்ரவரி 2 அன்று மாவைத் தம்பி கரைத்தான். கட்டி பட்டது, அவனே வடித்தான். மூன்று மணிக்குத் தொடங்கி நானும் அவனும் மாறி மாறி இருபத்தாறு கிறெப் சுட்டு அடுக்கினோம். அவனுடையவை என்னுடையதைவிட மெல்லிசு, அதை அவன் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அண்ணா தேசிக்காய் வெட்டினார். அது ஒரு வேலையா என்றால், அவருக்கு அது பெரிய வேலை. அப்பாவை மேசை துடைக்கச் சொன்னோம், பேப்பர் வாசித்துக்கொண்டே துடைத்தார்.

ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு, கடைசிக் கரண்டி மாவைச் சட்டியில் ஊற்றி, கையில் பத்து ரூபாய்க் குத்தி ஒன்றைக் கொடுத்து, எறியச் சொன்னோம். "விசரே உங்களுக்கு?" என்றபடி எறிந்தா. பாதி சட்டிக்குள்ளும் பாதி அடுப்புக்கு மேலும் விழுந்தது. காஸ் அடுப்பின் நெருப்பில் ஓரம் கருகி மணத்தது. அதைத் தம்பி எடுத்துச் சாப்பிட்டான். அம்மா போய்க் கதிரையில் இருந்தா. அடுக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்தா, பட்டர் பூசினா, சீனி தூவினா, நாலாக மடித்தா, ஒரு கடி கடித்தா. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்புக் காணாது," என்றா. "அடுத்த முறை கவனமாப் போடுங்கோ."